கருத்துக் கேட்பும் சம்மதமும்

யாங்கூனின் லான்மடாவ் நகரியத்தையும் அக்கரையிலுள்ள டலாவையும் இணைக்கத் தென்கொரியக் கடனுதவியுடன் திட்டமிடப்பட்ட பாலத்துக்கு 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தகைய திட்டத்தின் தொடர்புடையோர், அதாவது அதனால் வாழ்வோ தொழிலோ மாறக்கூடியவர்கள், நில உரிமையாளர்கள் மட்டும் அல்லர். ஆற்றில் ஆளேற்றிப் பிழைக்கும் சம்பான் படகோட்டிக்குப் பட்டா இல்லாவிட்டாலும் பாலத்தால் வருமானம் இழக்கக்கூடியவர் அவரே என்பதால், நிலப் பதிவேட்டை மட்டும் பார்த்து யாரிடம் கருத்துக் கேட்பதென முடிவுசெய்யும் நிறுவனம் முதல் அடியிலேயே தவறுகிறது.

இத்தவறு எங்கே கொண்டுபோய்விடும் என்பதை யாங்கூனுக்குத் தென்கிழக்கேயுள்ள தீலவா சிறப்புப் பொருளாதார மண்டலம் காட்டியது. அந்நிலம் 1990களிலேயே கையகப்படுத்தப்பட்டுவிட்டதாகக் கருதிய அதிகாரிகள், அங்கே தொடர்ந்து உழுதுவந்த குடும்பங்களுக்கு 2013 ஜனவரி 31 அன்று, 14 நாட்களில் வெளியேறாவிட்டால் சிறைத்தண்டனை என்று அறிவிப்புக் கொடுத்தனர். எதிர்ப்பு எழுந்தபின் பேச்சுவார்த்தை நடந்தது, இழப்பீடும் வழங்கப்பட்டது. ஆயினும் சிறை அச்சத்துக்குப் பின் பெறப்படும் கையெழுத்தை மனமொத்த சம்மதம் என்று கொள்ள இயலாது. முதற்கட்டத்தில் 68 குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. விளைநிலத்தை விட்டுச் சிறு மனைக்கு வந்த உழவருக்கு வீடு கிடைத்தாலும் பிழைப்பு கிடைக்கவில்லை என்பதே அவர்களின் முதன்மையான குறையாக இருந்தது.

2014 ஜூனில் குடியிருப்பாளர் மூவர், திட்டத்துக்குத் துணைநின்ற ஜப்பானிய அரசு நிறுவனமான ஜைக்காவிடம் நேரடியாக முறையிட்டனர். ஜைக்காவின் வழிகாட்டு நெறிகள் மீறப்படவில்லை என்றே ஆய்வாளர்கள் முடிவுசெய்தனர். முறையிட்டோர் எதிர்பார்த்த தீர்ப்பு அதுவன்று என்றாலும், உள்ளூர் அலுவலகத்துக்கு அப்பாலும் ஒரு கதவு உண்டு என்பதை அம்மூவர் மற்றவர்களுக்கு அறியச் செய்தனர்.

மியன்மாரில் 2015 டிசம்பரில் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நடைமுறை, பெருந்திட்டங்களுக்கு மக்களிடம் கருத்துக் கேட்பதையும் தகவல் வெளியிடுவதையும் கட்டாயமாக்கியது. கட்டாய இடப்பெயர்வில் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவற்றின் தரங்களைப் பின்பற்றவும் அது கோரியது. பட்டா இல்லாதவருக்கும் வாழ்வாதார உதவி உண்டென்பது அத்தரங்களின் முக்கியமான கூறாகும். 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் வெளிப்படையாகக் குறை கூறுவதே ஆபத்தாகிவிட்ட நிலையில், பெயரை மறைத்து முறையிட வாய்ப்பளிக்கும் கடன் வழங்குநரின் குறைதீர்ப்பு வழி முன்னிலும் இன்றியமையாததாகிறது.

ஆகவே கூட்டத்துக்கு அழைக்கப்படுவோர், வருகைப் பதிவேட்டில் இடும் கையெழுத்து பின்னர் ஒப்புதலாகக் காட்டப்படாதிருக்க அத்தாளின் தலைப்பைப் படித்தபின்பே கையெழுத்திட வேண்டும். வரி ரசீது, விளைச்சல் கணக்கு, வீட்டின் ஒளிப்படம் ஆகியவற்றைப் பாதுகாப்பாக வைத்திருப்பதோடு, திட்டத்துக்குப் பணம் தருவது யார் என்பதை முதற்கூட்டத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.