முதல் ஓநாயைக் கடித்தது யார்?

ஆடித் தபசுக்காகச் சங்கரன்கோவிலில் என் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பகல் முழுதும் கோமதி அம்மன் சந்நிதிக் கூட்டத்தில் நசுங்கிவிட்டு, இரவு வீடு வந்து சேர்ந்தால், தமக்கையின் மகன் தொலைக்காட்சியில் ஒரு பழைய அமெரிக்கப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். படம் முடிந்த பிறகு பையன் தூங்கவில்லை. பயத்தினால் அல்ல, சந்தேகத்தினால்!

"மாமா! லாரியைக் கடித்தவன் பேலா. பேலாவைக் கடித்தது யார்?"

"வேறொரு ஓநாயாய் இருக்கும்."

"அந்த ஓநாயைக் கடித்தது?"

"போய்த் தூங்கு!" என்றேன். விடை தெரியாத பெரியவர்கள் காலம் காலமாகச் சொல்லிவரும் விடை அதுதானே?

அந்தப் படத்தின் பெயர் 'ஓநாய் மனிதன்'. 1941-ஆம் வருஷம் டிசம்பர் மாதம், ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தின்மேல் குண்டு வீசிய சில தினங்களுக்குள் வெளிவந்தது. பதினெட்டு வருஷம் கழித்துத் தகப்பனார் வீட்டுக்குத் திரும்பும் லாரி டால்பட் என்பவனை, ஓர் இரவு காட்டில் ஓநாய் ஒன்று கடித்துவிடுகிறது. அதை வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியால் அவன் அடித்துக் கொல்கிறான். விடிந்து பார்த்தால் அங்கே கிடப்பது ஓநாய் அல்ல. பேலா என்னும் ஜிப்ஸி நாடோடியின் உடல்! பிறகு லாரியே இரவில் மிருகமாகிறான். கடைசியில் அதே தடியால், பெற்ற தகப்பன் கையாலேயே மடிகிறான்.

படத்தில் விடை சொல்லாத கேள்விகள் ஒன்றா, இரண்டா? பேலா நாலு காலில் ஓடும் முழு ஓநாயாக மாறுகிறான். அவனிடம் கடி வாங்கிய லாரியோ, கோட்டுச் சட்டைக்காரர்போல் இரண்டு காலில் நடக்கும் அரை மிருகமாகிறான். ஒரே விஷத்துக்கு ஏன் இரண்டு குணம்? மிருகமாகும் முன் சட்டையைக் கழற்றி உள்பனியனோடு உட்கார்ந்திருந்தவன், காட்டில் திரியும்போது கறுப்புச் சட்டை அணிந்திருக்கிறான். ஓநாய்க்குப் பொத்தான் போட்டுவிட்டது யார்? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தச் சாபம் எங்கே ஆரம்பித்தது?

பாட்டி கதைகளில் தேடலாம் என்றால், அங்கே கேள்வியே வேறு. 1589-ஆம் வருஷம் ஜெர்மனியில் பேட்டர் ஸ்டம்ப் என்பவனை ஓநாயாக மாறியதாகக் குற்றம் சாட்டிச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அவனை எந்த ஓநாயும் கடிக்கவில்லை. சாத்தான் ஓர் இடைவாரைக் கொடுத்தானாம். கடித்துத் தொற்றும் வியாதியாக இதைப் பரப்பியது பெரும்பாலும் சினிமாதான். 1935-இல் வந்த 'லண்டன் ஓநாய் மனிதன்' படத்தில் ஆங்கில விஞ்ஞானி ஒருவர் அபூர்வ மலரைத் தேடித் திபெத்துக்குப் போய், யோகாமி என்னும் கீழ்நாட்டு டாக்டரிடம் கடி வாங்கி வருகிறார். யோகாமியைக் கடித்தது யார்? அந்தப் படமும் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முதல் கடி ஒருபோதும் கதாநாயகனின் சொந்த ஊரில் பிறப்பதில்லை. ஒரு படத்தில் திபெத்திலிருந்து வருகிறது. மற்றதில் நாடோடியின் கூடாரத்திலிருந்து வருகிறது. அதற்கு அப்பால் யாரும் விசாரிப்பதில்லை. 2022-இல் வந்த நம் ஹிந்திப் படமாகிய 'பேடியா'விலும் டில்லிக்காரன் கடி வாங்குவது அருணாசலப் பிரதேசத்துக் காட்டில்தான். ஆனால் அந்த ஓநாய், சாலை போடக் காட்டை அழிக்க வருபவரிடமிருந்து அதைக் காக்கும் காவலாகச் சித்திரிக்கப்படுவதையும் சொல்லத்தான் வேண்டும்.

1941-ஆம் வருஷத்துப் படத்தின் கதையை எழுதியவர் கர்ட் ஸியோட்மாக். யூதர். கோயபெல்ஸின் யூத துவேஷப் பிரசங்கத்தைக் கேட்டபின், 1933-இல் பிறந்த நாடாகிய ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். பழைய நாட்டுப் பாடல் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கும் அந்த ஓநாய்ச் செய்யுள் அவர் சொந்தமாய் இயற்றியது. அவருடைய படத்தில், அடுத்துச் சாகப்போகிறவரின் உள்ளங்கையில் ஓநாய் மனிதனின் கண்ணுக்கு ஒரு நட்சத்திரம் தெரியும். அதே 1941-ஆம் வருஷம் செப்டம்பரில்தான், ஆறு வயதுக் குழந்தை முதற்கொண்டு யூதர் அனைவரும் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டுமென்று ஜெர்மனியில் உத்தரவு பிறந்தது. பிற்காலத்தில் ஸியோட்மாக், அந்த ஓநாய் மனிதன் தாமேதான் என்று சொன்னதுண்டு. செய்யாத குற்றத்துக்கு ஊர் கூடி வேட்டையாடும் மனிதன் என்பதே அதன் பொருள்.

இதெல்லாம் எங்கேயோ நடந்த சமாசாரம் என்று நேயர்கள் தள்ளிவிட வேண்டாம். 1871-இல் ஆங்கிலேய சர்க்கார் செய்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-க்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கள்ளர், மறவர் முதலிய பல சமூகத்தார் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று எழுதப்பட்டார்கள். கைரேகை பதித்தார்கள், பொழுது சாய்ந்ததும் போலீஸ் சாவடியில் போய்ப் படுத்தார்கள். இருட்டினால் இவர்கள் மிருகமாகிவிடுவார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறென்ன அர்த்தம்? 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் ஒழிந்தது. குற்றத்தின் மூலம் எது என்ற கேள்விக்கு வறுமை, நிலம், நீர் என்று விசாரித்து விடை தேடியிருக்கலாம். 'பிறப்பு' என்று ஒரே சொல்லில் எழுதி முடித்தார்கள்.

மறுநாள் காலை பையனைக் கோவிலுக்கு அழைத்துப் போனேன். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வழக்காடிய சங்கன், பதுமன் என்ற நாகராஜர்கள் இருவருக்கும், பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் சுவாமி காட்சி தந்த தலமல்லவா இது? பாம்புக்கும் தேளுக்கும் பயந்தவர்கள் அவற்றின் உருவத்தை வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் செலுத்திக்கொண்டிருந்தார்கள்.

"படத்தில் வெள்ளி பட்டால் மிருகம் செத்துப்போகிறது. இங்கே வெள்ளியிலேயே பாம்பு செய்கிறார்களே, மாமா!" என்றான் பையன்.

புற்று மண்ணை அவன் நெற்றியில் இட்டுவிட்டு, "நேற்று நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். பேலாவை எந்த ஓநாயும் கடிக்கவில்லையடா. அந்தக் கதையை எழுதியவரை ஒரு கூட்டம் கடித்தது, அந்தக் காயத்திலிருந்து பிறந்தவன்தான் ஓநாய் மனிதன்" என்றேன்.

அவன் சற்று யோசித்தான்.

"அந்தக் கூட்டத்தைக் கடித்தது யார், மாமா?"

அப்போது காலை மணி ஒன்பது. 'போய்த் தூங்கு' என்று சொல்லவும் வழியில்லை.