வலி நின்ற பல்: வேர் சிகிச்சை பற்றிச் சில விவரங்கள்



என் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று போன கதையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு மார்கழிக் கடைசியில் இரவெல்லாம் தூங்கவிடாத வலி. சித்தூரில் பல் மருத்துவரிடம் போனேன். ரூட் கேனால், அதாவது வேர் சிகிச்சை செய்தால் பல்லைக் காப்பாற்றலாம், மூன்று தடவை வர வேண்டும் என்றார். முதல் தடவையிலேயே வலி போய்விட்டது. பொங்கலுக்கு உடுமலைப் பக்கம் சொந்த ஊருக்குப் போனோம். திரும்பி வந்ததும் கொங்கன்படை முடியட்டும் என்றேன். பிறகு பிள்ளைகளின் பரீட்சை. சித்திரையில் ஒரு முறுக்கைக் கடித்தபோது பல் நெடுக இரண்டாகப் பிளந்தது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை. மருத்துவர் மேல் குற்றமில்லை. வலி நின்றதைக் குணமானதாக எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பல்லின் வெளிப்பக்கம் எனாமல். அதற்குள் டென்டின். நடுவே பற்கூழ் என்னும் மென்மையான சதை. நரம்பும் இரத்தக் குழாய்களும் அதில்தான். அது வேரின் நுனிவரை நூல் போன்ற குழாய்களில் இறங்குகிறது. முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே குழாய். கடைவாய்ப் பல்லுக்கு மூன்று, சில சமயம் நான்கு. கடைவாய்ப் பல் சிகிச்சைக்கு நேரமும் பணமும் கூடுதலாவது இதனால்தான்.

சொத்தை பற்கூழை நெருங்கும்போது அது வீங்கப் பார்க்கிறது. சுற்றிலும் கெட்டிச் சுவர், வீங்க இடமில்லை. அதுவே அந்தப் பொல்லாத வலி. குளிர்ந்த நீர் பட்டுச் சில நொடிகளில் அடங்கும் கூச்சம் என்றால் சொத்தையை அடைத்தாலே போதுமானதாக இருக்கலாம். சூடு பட்டு நெடுநேரம் வலித்தால், படுத்தவுடன் தெறித்தால், பற்கூழ் தேறாது என்று பொருள். இந்த நிலையில் சிலருக்கு ஒரு நாள் வலி தானாக நின்றுவிடும். கிராம்புத் தைலம் வேலை செய்தது என்று மகிழ்வார்கள். உண்மையில் பற்கூழ் செத்துவிட்டது. அதற்குப் பின் கிருமிகள் வேர் நுனி வழியே தாடை எலும்புக்கு இறங்கிச் சீழ் கட்டும். செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லாததால் ஆன்டிபயாட்டிக் மாத்திரை அங்கே போய்ச் சேராது. வீக்கம் வற்றும், மறுபடி வரும்.

சிகிச்சையில் செய்வது இதுதான். ஊசி போட்டு மரக்கவைத்து, பல்லின் மேல் சிறு துளையிட்டு, மெல்லிய கம்பிகளால் குழாய்களைச் சுரண்டி, மருந்து நீரால் கழுவுவார்கள். கடுமையாக வலிக்கும் கீழ்க் கடைவாய்ப் பல்லில் முதல் ஊசி முழுதாகப் பிடிக்காமல் போவதுண்டு. பல்லைக் கடித்துப் பொறுக்காமல் கையை உயர்த்திச் சொல்லுங்கள், இன்னும் போடுவார்கள். பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பு மாட்டுவார்கள். எச்சில் உள்ளே போகாமலும் கம்பி தொண்டைக்குள் விழாமலும் காப்பது அது. 1864-லேயே நியூயார்க்கில் பார்னம் என்ற பல் மருத்துவர் கண்டுபிடித்தது, மாட்டாவிட்டால் கேட்கலாம். சீழ் இருந்தால் சுண்ணாம்பு வகை மருந்தொன்றை உள்ளே வைத்துச் சில நாள் விடுவார்கள். (வெற்றிலைச் சுண்ணாம்பை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், ஈறு வெந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈற்றில் அடக்கிக்கொள்வதும் அப்படியே.) கடைசியில் கட்டாபெர்ச்சா என்ற பொருளால் குழாய்களை அடைப்பார்கள். மலாயா மரத்துப் பாலிலிருந்து வந்தது இது. ஒரு காலத்தில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போட்டதும் இதுதான்.

முதல் தடவை வைக்கும் அடைப்பு தற்காலிகமானது. வாரங்கள் போனால் தேய்ந்து கசியும், எச்சிலோடு கிருமியும் திரும்ப உள்ளே போகும். சொத்தையாலும் துளையாலும் பல்லின் சுவரும் மெலிந்திருக்கும். எனவே கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் கேப் போடச் சொல்வார்கள். அது ஆடம்பரம், பணம் பிடுங்கும் வழி என்று நானும் நினைத்தவன்தான். கேப் வரும்வரை அந்தப் பக்கம் முறுக்கும் சீடையும் கூடாது. சிகிச்சைக்குப் பின் இரண்டு மூன்று நாள் கடித்தால் நோவது வழக்கமே.

எல்லாப் பல்லையும் காப்பாற்ற முடியாது. வேர் நெடுக வெடித்திருந்தால் பிடுங்குவதே சரி. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்பது வெறும் பயம். வேர் சிகிச்சை செய்த பல் உடம்பையே கெடுக்கும் என்று கைப்பேசியில் சுற்றும் செய்தியும் பழைய சரக்கு: 1910-இல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் மான்ட்ரியலில் பேசியதை வைத்துக் கிளம்பி, எண்ணற்ற பற்களைப் பிடுங்கவைத்து, பின் ஆய்வுகளில் நிற்காமல் போன கருத்து.

நம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி. அதனால் பல்லில் விழும் மஞ்சள், பழுப்புக் கறைக்கு வேர் சிகிச்சை தேவையில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சர்க்கரை நோய், கர்ப்பம், செயற்கை இதய வால்வு, இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, இவற்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தாடைக்குக் கீழே வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் பல் மருத்துவரின் நேரத்துக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றிரவே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். கன்னத்தில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு விடியட்டும் என்று இருப்பது உயிருக்கே ஆபத்து.

செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு: திருச்சூரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரிகளில் ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள். நடை கூடும், கட்டணம் குறையும்.

பாதியில் ஊருக்குப் போயே ஆக வேண்டுமென்றால் எக்ஸ்ரேயையும், எந்தப் பல், எத்தனை குழாய், என்ன மருந்து உள்ளே இருக்கிறது என்று எழுதிய சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொள்ளாச்சியிலோ கோவையிலோ இன்னொரு மருத்துவர் அங்கிருந்து தொடரலாம்.

மலையாள மருத்துவரிடம் பேசும்போது நாலு சொல் நினைவிருக்கட்டும். அவர்கள் சொல்லும் "புளிப்பு" நம் பல் கூச்சம், "கேடு" சொத்தை, "நீர்" வீக்கம், "பழுப்பு" சீழ். "புளிப்பு உண்டோ?" என்று கேட்டதற்கு, "இல்லீங்க, இன்னைக்கு ரசம்கூட சாப்பிடலை" என்று என் மனைவி பதில் சொன்னதை அந்த மருத்துவர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.