கரை விலகினால் கூலி போவதா?

டி-சர்ட்டின் மார்பில் ஒரு முத்திரை. மஞ்சள் வட்டம், அதைச் சுற்றிக் கறுப்புக் கரை. எந்திரம் தைத்து முடித்ததும் பார்த்தால் வட்டம் ஒரு பக்கம், கரை ஒரு பக்கம்! நடுவில் நகக்கண் அளவுக்குத் துணி பல்லைக் காட்டுகிறது.

"ரிஜெக்ட்" என்று சூப்பர்வைசர் ஒதுக்கிப் போடுகிறார். நஷ்டம் தொழிலாளியின் கூலியில் பிடிக்கப்படுகிறது.

பெங்களூருவில் பொம்மனஹள்ளி, பீன்யா பக்கம் ஆயத்த ஆடைத் தொழிலில் இருக்கும் தமிழர்களுக்கு இது புதுக் கதை அல்ல. எம்பிராய்டரி எந்திரத்தின் முன்னால் நிற்பவர் அவர். ஆகவே குற்றமும் அவருடையதுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அவசர முடிவு அது. கோளாறு துணியில் இருக்கலாம், டிசைனில் இருக்கலாம், எந்திரத்தில் இருக்கலாம். எதில் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

ஊசி நகர்வதில்லை

எம்பிராய்டரி எந்திரத்தில் ஊசி மேலும் கீழும் மட்டுமே போகும். துணியைப் பிடித்திருக்கும் வளையம்தான் முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் ஓடுகிறது. பல தலைகள் உள்ள எந்திரத்தில் எல்லா வளையங்களும் ஒரே சட்டத்தில் மாட்டப்பட்டிருக்கும். சட்டம் நகர்ந்தால் அத்தனையும் சேர்ந்தே நகரும்.

இதை நினைவில் வைத்தால் பாதி விடை கிடைத்துவிடும். 12 தலைகளில் ஒன்றில் மட்டும் கரை விலகுகிறதா? அந்தத் தலையின் வளையம் தளர்ந்திருக்கிறது. அல்லது அதில் துணி சரியாக மாட்டப்படவில்லை. 12 தலையிலும் ஒரே திசையில், ஒரே அளவில் விலகுகிறதா? அப்படியானால் மாட்டியவரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. டிசைனையும், அடியில் வைக்கக் கொடுத்த பேக்கிங் காகிதத்தையும், சட்டத்தை இழுக்கும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும்.

பெல்ட்டைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஜீன்ஸ் போன்ற கெட்டித் துணியை இரண்டு பேக்கிங் வைத்து மாட்ட வேண்டும். தொடங்கிய இடத்திலேயே முடியும் டிசைன் ஒன்றை ஓட்ட வேண்டும். முதல் துளையைப் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். கடைசியில் ஊசி அதே துளைக்குத் திரும்பினால் எந்திரத்தின் மேல் பெரும்பாலும் பழி இல்லை. தள்ளி இறங்கினால் பெல்ட் தளர்ந்திருக்கும், திருகு கழன்றிருக்கும், அல்லது சட்டம் எதிலாவது இடித்திருக்கும். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியது முதலாளி.

மின்சாரம் போகும்போதும் கவனம் தேவை. சட்டத்தைப் பிடித்திருக்கும் மோட்டார் அப்போது பிடியை விட்டுவிடும். யாராவது அதன் மேல் சாய்ந்தால் போதும். மறுபடி ஓட்டும்போது டிசைன் இரண்டாகப் பிளந்து நிற்கும்.

வட்டம் முட்டையாகிறது

எந்திரம் சரி. ஆனாலும் பனியன் துணியில் கரை விலகுகிறது. ஏன்?

நூல் துணியை இழுக்கிறது. ஒவ்வொரு தையலும் தான் ஓடும் திசையில் துணியை உள்ளே இழுக்கும். குறுக்குத் திசையில் வெளியே தள்ளும். கணினியில் முழு வட்டமாக இருந்தது துணியில் முட்டை வடிவம் ஆவது இதனால்தான். கடைசியாக ஓடும் கரை, போக வேண்டிய இடத்தில் சரியாகத்தான் போகிறது. வட்டம்தான் அங்கே இல்லை!

விஷயம் தெரிந்த டிசைனர் இதை முன்கூட்டியே கணக்குப் போட்டு, இழுபடும் பக்கத்தில் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை அகலம் கூட்டி வைப்பார். அடியில் ஓர் அஸ்திவாரத் தையலும் ஓடவிடுவார். இந்த வேலைக்குத் தொழிலில் "பஞ்சிங்" என்று பெயர். முன்பு டிசைனைக் காகித நாடாவில் துளை போட்டுப் பதிந்தார்கள். நாடா போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஜீன்ஸுக்குப் பஞ்சிங் செய்த டிசைனையே பனியனுக்கும் ஓட்டச் சொன்னால், தொழிலாளி எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் தப்பிப்பது கஷ்டம்.

தொழிலாளி செய்யும் தவறுகளும் உண்டு. பனியன் துணியை மத்தளம் போல இழுத்து மாட்டுவது அதில் முதலாவது. பேக்கிங்தான் விறைப்பாக இருக்க வேண்டும். துணி சுருக்கமில்லாமல் படிந்திருந்தால் போதும். இழுத்து மாட்டிய துணி, வளையத்தைக் கழற்றியதும் பழைய அளவுக்குத் திரும்பி, தையலைச் சுருக்கிவிடும். உள்வளையத்தில் பருத்தி நாடா சுற்றினால் துணி வழுக்காது. பனியனுக்குக் கிழித்து எடுக்கும் பேக்கிங் ஆகாது. வெட்டி எடுக்கும் வகை வேண்டும். தொங்கும் கையும் கழுத்தும் வளையத்தை இழுக்காதபடி மடித்து வைக்க வேண்டும். நிமிடத்துக்கு 1,000 தையல் ஓடினால் 650-க்குக் குறைத்துப் பார்க்கலாம். பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு அதற்கு மனம் வராதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

சேதத்துக்காகக் கூலியில் பிடிப்பதற்கு முன் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்று 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் சொன்னது. அதன் இடத்துக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இந்த விதி இருக்கிறது. பிடிக்கும் தொகை, அவருடைய கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டத்துக்கு மேல் போகக் கூடாது.

விளக்கம் சொல்ல ஆதாரம் வேண்டுமே! பல இடங்களில் ரிஜெக்ட் நோட்டில் தொழிலாளியின் பெயர் மட்டும்தான் ஏறுகிறது. அதை எழுதும் குமாஸ்தா, பக்கத்திலேயே தலை எண், டிசைன் எண், துணி வகை என்று மூன்று கட்டம் கூடுதலாகப் போடலாம். ஒரே தலை திரும்பத் திரும்ப வருகிறதா, யார் ஓட்டினாலும் ஒரே டிசைன் விலகுகிறதா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும்.