தென்னாப்பிரிக்க மாணவரும் உபகாரச் சம்பளமும்

கல்வி அழியாத செல்வம் என்று நம் பெரியோர் கூறிச் சென்றனர். அச்செல்வத்தைத் தேடிப் புறப்படும் பிள்ளைக்கு முதலில் சம்பளம் கட்டப் பணம் வேண்டியிருக்கிறது என்பதை, பிழைப்பை நாடிச் சொந்த ஊரை விட்டு வந்த நம் சங்கத்துக் குடும்பங்கள் நன்கு அறியும். நமக்கு நெடுநாள் முன்னரே கடல் கடந்து சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் தென்னாப்பிரிக்காவில் வாழ்கின்றனர். அந்நாட்டு மாணவர்கள் மேற்படிப்புக்கு உபகாரச் சம்பளம் தேடும் வழி யாது, அவ்வழியில் உள்ள இடர்கள் யாவை என்பதை இங்கு எடுத்துரைக்க விழைகிறேன். டர்பன் முதலிய நகரங்களில் உறவினரை உடைய அன்பர்களுக்கு இது நேரே பயன்படும். ஏனைய அன்பர்களுக்கும் தம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சிந்திக்க இதில் இடமுண்டு.

முதலில் சிறிது பழங்கதை. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கரும்புத் தோட்டங்களிலும், நேட்டால் ரயில் பாதைகளிலும், நிலக்கரிச் சுரங்கங்களிலும் உழைத்தனர். அவர்தம் பிள்ளைகள் படிக்க அரசாங்கம் செய்து கொடுத்த வசதி மிகக் குறைவு. ஆதலால் மக்கள் தாமே பொருள் திரட்டிப் பள்ளிகளை எழுப்பினர். நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் 1927 முதல் 1929 வரை அந்நாட்டில் இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாக இருந்தபோது எடுத்த முயற்சியின் பயனாக, இந்திய மக்களின் நன்கொடையைக் கொண்டு 1929-இல் டர்பனில் சாஸ்திரி கல்லூரி திறக்கப்பெற்றது. தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாகச் சென்று, டர்பன் ரயில் நிலையத்தில் சுமை தூக்கிப் பிழைத்து, பின்னர் பொருள் ஈட்டிய எம். எல். சுல்தான் என்னும் பெரியார் தொழிற்கல்விக்குப் பெரும் பொருள் ஈந்தார். அவர் பெயரால் 1946-இல் அமைந்த தொழில்நுட்பக் கல்லூரி இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இணைந்துள்ளது. ரயில்வேயில் பணி புரியும் எனக்கு இப்பெரியாரின் வரலாற்றை நினைக்குந்தோறும் பெருமிதம் உண்டாகிறது.

பின்னர் நிறவெறி ஆட்சி பல்கலைக்கழகங்களையும் இன வாரியாகப் பிரித்தது. 1959-இல் வந்த சட்டத்தின்படி இந்திய மாணவர்களுக்கென 1961-இல் டர்பன் துறைமுகத்தை அடுத்த சாலிஸ்பரித் தீவில் தனிக் கல்லூரி ஒன்று அமைக்கப்பட்டது. 1994-இல் மக்களாட்சி மலர்ந்தபின் இவ்வேலிகள் யாவும் அகன்றன. ஆயினும் வேலி அகன்ற வாயிலில் வேறொரு காவலாளி நின்றான். அவன் பெயர் கட்டணம்.

இக்கட்டணச் சுமையைக் குறைக்க 1999-இல் சட்டத்தின் வாயிலாக அமைக்கப்பட்டதே தேசிய மாணவர் நிதியுதவித் திட்டம் என்னும் அரசு நிறுவனம். முதலில் அது பெரும்பாலும் கடனாகவே பணம் வழங்கியது. நன்கு தேறியவர்க்குக் கடனில் நாற்பது விழுக்காடு வரை தள்ளுபடி செய்தது. 2015 அக்டோபரில் ஜோகானஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ராண்டு பல்கலைக்கழகம் கட்டணத்தைப் பத்தரை விழுக்காடு உயர்த்த முனைந்தபோது மாணவர் கிளர்ச்சி மூண்டு நாடெங்கும் பரவியது. அரசாங்கம் 2016-ஆம் ஆண்டுக்கான உயர்வைக் கைவிட்டது. 2017 டிசம்பரில் புதிய அறிவிப்பு வந்தது: ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகள் 2018 முதல் கடனாக அன்றி இலவச உதவியாகவே பணம் பெறலாம் என்பதே அது. உடற்குறை உள்ள மாணவர்க்கு இவ்வரம்பு 6,00,000 ராண்டாகும். 26 அரசுப் பல்கலைக்கழகங்களிலும் 50 அரசுத் தொழிற்பயிற்சிக் கல்லூரிகளிலும் பயில்வோர்க்கே இவ்வுதவி உண்டு. தனியார் கல்லூரிகளில் சேர்வோர்க்குக் கிடையாது. இந்த வேறுபாட்டை அறியாமல் தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டிவிட்டால் பிறகு வருந்திப் பயனில்லை.

இவ்வரம்புக்குச் சற்று மேலே இருப்போரின் நிலைமைதான் நெஞ்சை வருத்துவது. கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். சாட்ஸ்வொர்த்தில் வாழும் ஒரு குடும்பத்தில் தந்தை அலுவலக எழுத்தராக மாதம் 20,000 ராண்டும், தாய் கடையில் பணி புரிந்து 12,000 ராண்டும் ஈட்டுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 3,84,000 ராண்டு ஆகிறது. வரம்பைக் கடந்தது 34,000 ராண்டு மட்டுமே. ஆனால் அதன் பொருட்டு அரசின் இலவச உதவி முழுவதும் கைநழுவிப் போகிறது. வீட்டுக் கடனும் பேருந்துச் செலவும் போக, இரண்டு பிள்ளைகளின் பல்கலைக்கழகக் கட்டணத்தை அவர்கள் எங்ஙனம் செலுத்துவர்? இத்தகையோரை அந்நாட்டில் ‘விடுபட்ட நடுத்தரத்தார்’ என்று குறிப்பிடுகின்றனர். எழுத்தர், ஆசிரியர், செவிலியர், காவலர் ஆகியோரின் இல்லங்கள் இவ்வகுப்பில் பெருந்தொகையாக உள. 6,00,000 ராண்டு வரை வருமானம் உள்ள இக்குடும்பங்களுக்காக 2024-இல் கடன் திட்டம் ஒன்று அறிவிக்கப்பெற்றது. ‘இகுசாசா’ என்னும் பெயருடைய திட்டம் ஒன்றும் தனியார் துறையின் நிதியைத் திரட்டி, ஏழை மாணவரோடு இவ்வகுப்பு மாணவர்க்கும் உதவி வருகிறது. எனினும் உதவி கிட்டாமல் கடன்பட்டுப் படித்தோர் பலர். நிலுவையைச் செலுத்தும் வரை பட்டச் சான்றிதழைக் கொடாமல் நிறுத்தி வைத்த பல்கலைக்கழகங்களும் உண்டு. தேறிய பட்டத்தின் சான்றிதழ் கையில் இல்லாததால் வேலை தேட இயலாமலும், வேலை இல்லாததால் நிலுவையைத் தீர்க்க இயலாமலும் அப்பிள்ளைகள் இடையே நின்று தவிக்கின்றனர்.

இந்நிலையில் வேறு வாயில்களையும் தட்டுதல் இன்றியமையாதது. அங்கே பொதுவாக ‘ஸ்காலர்ஷிப்’ என்பது மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் பரிசு. ‘பர்சரி’ என்பது பெரும்பாலும் ஓர் உடன்படிக்கையைச் சார்ந்த உதவி. 2007-இல் தொடங்கிய ‘ஃபுன்சா லுஷாகா’ என்னும் அரசுத் திட்டம் ஆசிரியப் பயிற்சிக்கு முழுச் செலவையும் ஏற்கிறது. எத்தனை ஆண்டு உதவி பெற்றாரோ அத்தனை ஆண்டு அவர் அரசுப் பள்ளியில் பணியாற்ற வேண்டும். மின்சாரம் வழங்கும் எஸ்காம், ரயில் சரக்குப் போக்குவரத்தையும் துறைமுகங்களையும் நடத்தும் டிரான்ஸ்நெட், எரிபொருள் தயாரிக்கும் சாசோல் ஆகிய பெருநிறுவனங்கள் பொறியியல் முதலிய துறைகளில் பயில்வோர்க்குப் பர்சரி அளித்து வந்துள்ளன. இத்தகைய உதவிக்கு ஈடாக, படிப்பு முடிந்தபின் அந்நிறுவனத்திலேயே சில ஆண்டு உழைக்க உடன்பட வேண்டியிருக்கும். ஆதலால் கையொப்பம் இடுமுன் உடன்படிக்கையின் ஒவ்வொரு வரியையும் படித்தல் வேண்டும். படிப்பை நடுவில் விட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை உண்டா என்று பார்த்தல் வேண்டும். முதுநிலைப் படிப்புக்கு தேசிய ஆராய்ச்சி நிறுவனமும், ஆப்பிரிக்க இளைஞர்க்கென மண்டேலா ரோட்ஸ் நிறுவனமும் உதவுகின்றன.

அலுவலகத்தில் நாள் முழுதும் படிவங்களோடு பழகுகின்றவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். உபகாரச் சம்பளம் கிட்டாமைக்கு அறிவுக் குறைவினும் நாள் தவறுதலே பெருங்காரணமாக அமைகிறது. தென்னாப்பிரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பை ‘மெட்ரிக்’ என்பர். அதன் தேர்வு அக்டோபர், நவம்பர் மாதங்களில் நடைபெறும். முடிவு ஜனவரியில் வெளிவரும். பல்கலைக்கழக ஆண்டோ உடனே தொடங்கிவிடும். முடிவு தெரிந்தபின் உதவி தேடலாம் என்று இருப்பவன் ரயில் புறப்பட்டபின் டிக்கெட் வாங்க வருகின்றவனை ஒப்பான். நிறுவனங்களின் பர்சரி பலவற்றுக்கு மெட்ரிக் ஆண்டின் நடுவிலேயே கெடு முடிந்துவிடும். அப்போது காட்டத்தக்கவை பதினோராம் வகுப்பு மதிப்பெண்களே. ஆகவே பதினோராம் வகுப்பிலேயே இம்முயற்சி தொடங்குதல் வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பல்கலைக்கழகத்தில் இடம் கேட்பது வேறு. பண உதவி கேட்பது வேறு. டர்பனை உள்ளடக்கிய குவாசுலு-நேட்டால் மாகாணத்துப் பல்கலைக்கழகங்களுக்கு மத்திய விண்ணப்ப அலுவலகத்தின் வாயிலாக இடம் கேட்க வேண்டும். தேசிய நிதியுதவித் திட்டத்துக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அத்திட்டத்துக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் ஏதுமில்லை. ‘பணம் கொடுத்தால் உதவி வாங்கித் தருகிறோம்’ என்று எவரேனும் சொன்னால் அவரை வாயிற்படியிலேயே நிறுத்திவிடுவது நலம். மாணவரின் அடையாளச் சீட்டு, பெற்றோரின் அடையாளச் சீட்டு, சம்பளச் சீட்டு, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை ஓர் உறையிலிட்டு முன்னரே வைத்திருத்தல் வேண்டும். பெற்றோர் பிரிந்து வாழும் இல்லங்களிலும், தாத்தா பாட்டி வளர்க்கும் பிள்ளைகளுக்கும் இத்தாள்களைத் திரட்டவே பல வாரங்கள் செல்லும்.

உதவி கிடைத்த பின்னும் விழிப்பு வேண்டும். 2023-இல் மாணவரின் செலவுப் பணத்தைத் தனியார் நிறுவனங்கள் வாயிலாக நேரே செலுத்தும் முறை புகுத்தப்பட்டபோது தாமதமும் குழப்பமும் மிகுந்து மாணவர் வீதிக்கு வந்தனர். 2024 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் நிர்வாகக் குழுவே கலைக்கப்பட்டது. ஆதலால் அனுப்பிய ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் உரிய எண்ணையும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் பெரிதும் பயன் தரும்.

நம் நாடும் இதில் கைகொடுக்கிறது. 1950-இல் மௌலானா ஆசாத் நிறுவிய இந்தியக் கலாசார உறவுக் குழு, ஆப்பிரிக்க நாட்டு மாணவர்க்கு இந்தியப் பல்கலைக்கழகங்களில் பயில உபகாரச் சம்பளம் அளித்து வருகிறது. தென்னாப்பிரிக்க மாணவர் எந்த இனத்தவராயினும் அதற்கு விண்ணப்பிக்கலாம். அவ்வாறு வந்து நம் நகரங்களில் தங்கிப் பயிலும் பிள்ளைகளைப் பண்டிகை நாட்களில் இல்லத்துக்கு அழைத்து ஒரு வேளை உணவு அளிப்பது நம்மால் இயன்ற உதவியன்றோ?

அன்பர்களே! பண உதவி பல இடங்களில் காத்திருக்கிறது. அதைப் படித்து, நாள் குறித்து, பிள்ளையை அருகில் அமர்த்திப் படிவத்தை நிரப்ப வீட்டில் ஒருவர் வேண்டும். படித்தவர் இல்லாத வீட்டுக்கு அண்டை வீட்டார் அவ்வொருவராகலாம். டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ உறவினர் உள்ள அன்பர்கள், அங்கே பதினோராம் வகுப்பில் பயிலும் பிள்ளை எவரேனும் உளரா என்று இம்மாதமே விசாரித்து எழுதுவார்களாக.