காவலரின் உள்ளம்

ஊர் உறங்கும் வேளையில் விழித்திருப்பவர் காவலர். அவ்விழிப்பை நம்பியே நாம் கதவைத் தாழிட்டுப் படுக்கிறோம். அந்த விழிப்பு அவருடைய உள்ளத்தை என்ன செய்கிறது என்பதைப் பற்றி இன்று சிறிது சொல்ல விரும்புகிறேன்.

1861-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம், காவலர் எந்நேரமும் பணியிலிருப்பவராகவே கருதப்படுவார் என்று விதித்தது. அவ்வெண்ணம் நம் நாட்டுக் காவல் துறையில் ஊறிப்போய்விட்டது. தமிழ்நாட்டில் காவலர்க்கும் தலைமைக் காவலர்க்கும் வார ஓய்வு அளிக்கும் அரசாணை 2021-இல் பிறந்தது. நல்லதே. ஞாயிறு என ஒன்று இல்லையேல் திங்களன்று வகுப்பு என்னவாகும் என்பது எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குத் தெரியும்.

ஆபத்தைக் கண்டால் உடல் தானே ஆயத்தமாகிறது. நெஞ்சு விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. ஆபத்து நீங்கினால் இவை தணிய வேண்டும். இரவு ரோந்து, பகலில் பந்தோபஸ்து, நடுவே விபத்தில் சிதைந்த உடலருகே காவல் என்று நாட்கள் செல்லுமாயின் தணிவதற்கு நேரமேது? உறக்கம் கெடுகிறது, கண்ட காட்சி கனவில் வருகிறது, வீட்டில் குழந்தை தட்டைக் கீழே போட்டாலும் சினம் மூள்கிறது. சிலர் மதுவை நாடுகின்றனர். வெளியே சொன்னால் 'மனம் பேதலித்தவர்' என்ற பெயர் வருமோ, பதவி உயர்வு தடைப்படுமோ என்று அஞ்சிப் பலர் வாய் திறப்பதில்லை. துப்பாக்கியைக் கையில் கொடுத்திருக்கிறோம் என்பதை நினைத்தால் இந்த மௌனம் நமக்கு அச்சமூட்ட வேண்டும்.

இது அவரோடு முடிவதன்று. நள்ளிரவில் தெருவில் ஒருவர் தனக்குத்தானே பேசித் திரிகிறார் என்று கொள்வோம். அவர் மனநோயாளி என்றும், தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவர் என்றும் கருத இடமிருந்தால், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நிலையப் பொறுப்பதிகாரி அவருக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் பொது மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். எக்காரணம் பற்றியும் லாக்கப்பில் அடைத்தல் கூடாது. சட்டம் தெளிவானது. ஆனால் மூன்று இரவுகள் உறங்காத காவலருக்கு, கேட்ட கேள்விக்கு விடை சொல்லாத நோயாளி நோயாளியாகத் தோன்றுவாரா, அடங்காதவராகத் தோன்றுவாரா?

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987-இல் மனநோயுற்ற இளைஞர் ஒருவர் காவலரால் சுடப்பட்டு இறந்தார். மறு ஆண்டே அங்கே தனிப் படை ஒன்று அமைத்து, விருப்பமுள்ள காவலரைத் தேர்ந்து, ஏறத்தாழ 40 மணி நேரம் பயிற்றும் முறையைக் கண்டனர். சற்று விலகி நிற்றல், ஒருவர் மட்டும் பேசுதல், தாழ்ந்த குரலில் பேசுதல், அவசரப்படாமை ஆகியவை அப்பாடத்தில் முதன்மையானவை. எளியவைதாம், ஆயினும் களைத்த மனத்துக்கு அவற்றுள் ஒன்றும் எளிதன்று. ஆதலின் பயிற்சியளிப்போர் உறக்கத்தையும் சேர்த்து அளித்தாலன்றிப் பயனில்லை என்பது என் கருத்து.

2022-இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் என்னும் இலவசத் தொலைபேசி உதவி, 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கிடைக்கிறது. தமிழிலும் பேசலாம். அதில் காவலரும் பேசலாம்; அவர் பேசத் தயங்கினால், என்ன செய்வதென்று அவர் மனைவி கேட்டறியலாம்.