புது பாட்டரி போட்டும் கிளம்பாத தண்ணீர் ஸ்கூட்டர்!

ஏரியிலும் கடலிலும் மோட்டார் சைக்கிள் போலச் சீறிப் பாயும் சிறு படகைப் பார்த்திருப்பீர்கள். அதைத் "தண்ணீர் ஸ்கூட்டர்" என்பார்கள். "ஜெட் ஸ்கி" என்றும் சொல்வார்கள்.

கனடா நாட்டு பம்பார்டியர் கம்பெனி 1968-ம் ஆண்டிலேயே "சீ-டூ" என்ற பெயரில் இதை விற்றது. ஜப்பானின் கவாசாகி கம்பெனி 1973-ல் "ஜெட் ஸ்கி"யைக் கொண்டு வந்தது. 1990-களில் செய்த வண்டிகள் பல, அமெரிக்க, கனடா ஏரிகளில் இன்றும் ஓடுகின்றன.

இந்தக் கிழட்டு வண்டிகளுக்கு அடிக்கடி வரும் நோய் ஒன்று உண்டு. பாட்டரியில் மின்சாரம் ஏறாது!

நடு ஏரியில் தவிப்பு

இது சின்னக் கோளாறு அல்ல. இந்தப் படகுக்குச் சுக்கான் கிடையாது. பழைய வண்டிகளுக்கு பிரேக்கும் கிடையாது. அடியில் உள்ள பம்பு தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும். அந்த வேகத்தில்தான் படகு ஓடுகிறது, திரும்புவதும் அதனால்தான். என்ஜின் நின்றால் கைப்பிடியைத் திருப்பி என்ன பயன்? காற்று தள்ளும் பக்கம் போக வேண்டியதுதான்.

காலால் உதைத்துக் கிளப்பவும் முடியாது. எல்லாம் பாட்டரியின் கையில்.

இதில் ஒரு வேடிக்கை. பல பழைய வண்டிகளில் என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மின்சாரம் தனிச் சுருளிலிருந்து வருகிறது. ஆகவே பாட்டரி காலியாகிக் கொண்டிருந்தாலும் வண்டி ஜோராக ஓடும். நடுத் தண்ணீரில் நிறுத்தி விட்டு மறுபடி பொத்தானை அழுத்தும்போதுதான் குட்டு வெளிப்படும்.

உடனே புது பாட்டரி வாங்குகிறார்கள். இரண்டு நாள் ஓடுகிறது. மூன்றாம் நாள் பழைய கதைதான்! பாவம், பாட்டரி என்ன செய்யும்?

மின்சாரம் வரும் வழி

என்ஜினோடு காந்தச் சக்கரம் ஒன்று சுழலும். அதை ஒட்டிக் கம்பிச் சுருள் இருக்கும். அதற்கு ஸ்டேட்டர் என்று பெயர். அங்கே பிறப்பது ஏ.சி. மின்சாரம். பாட்டரிக்கு வேண்டியதோ டி.சி. மின்சாரம். நடுவில் இருக்கும் ரெக்டிபயர்-ரெகுலேட்டர் என்ற சிறு பெட்டி அதை மாற்றி, அளவோடு அனுப்புகிறது. பிறகு பியூஸ், கம்பிகள், கடைசியில் பாட்டரி. இந்த வழியில் எங்கே அடைத்தாலும் பாட்டரி பட்டினிதான்.

சோதனை எப்படி?

முதலில் பாட்டரியை வெளியே எடுத்து முழுக்க சார்ஜ் செய்ய வேண்டும். சில மணி நேரம் கழித்து வோல்ட் மீட்டரை வைத்தால் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும். நன்றாக சார்ஜ் செய்தும் 12-க்குக் கீழே இறங்கினால் பாட்டரியே கெட்டது.

அடுத்தது, காசு செலவில்லாத வேலை. பாட்டரி முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும். என்ஜினில் பூட்டியிருக்கும் கறுப்புக் கம்பியின் மறு முனையை மறக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் பட்ட வண்டியில் கம்பிக்குள் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது! பியூஸையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

பிறகு வண்டியைத் தண்ணீரில் இறக்கி அசையாமல் கட்டி, என்ஜினைக் கிளப்ப வேண்டும். அதற்கு முன் இருக்கையைத் திறந்து காற்றாட விடுவது மிக முக்கியம். உள்ளே பெட்ரோல் ஆவி தேங்கியிருந்தால், ஒரு பொறி போதும், படகு வெடித்து விடும். தண்ணீர் இல்லாத தரையில் என்ஜினை ஓட விட்டால் சூடேறிக் கெட்டுப் போகும்.

வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் மீட்டர் ஏறக்குறைய 13.5-லிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். 12-லேயே நின்றால் மின்சாரம் வரவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு விட்டது. பாட்டரி கொதித்துப் பாழாகும். என்ஜின் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றிச் சோதிப்பது சிலர் வழக்கம். அது நல்ல ரெகுலேட்டரையும் எரித்து விடும்!

மின்சாரம் வரவில்லையா? ஸ்டேட்டர் கம்பிகளைப் பிரித்து, மீட்டரை ஏ.சி.யில் வைத்து அளக்க வேண்டும். வேகம் கூடக் கூட வோல்ட் ஏறினால் ஸ்டேட்டர் பிழைத்தது. சந்தேகம் சிறு பெட்டி மேல். ஏறாவிட்டால் சுருள் போய்விட்டது. எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். கம்பெனி புத்தகத்தில் இருக்கும். சுருளை மாற்ற என்ஜின் மூடியைத் திறக்க வேண்டும். அது மெக்கானிக் வேலை.

எல்லாம் சரியாக இருந்தும் பாட்டரி இறங்கலாம். ஐந்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி கிளப்பினால் செலவு அதிகம், வரவு குறைவு. மெதுவாக ஓடும்போது ஸ்டேட்டர் தரும் மின்சாரமும் கொஞ்சமே.

பழுது பார்த்த பின், ஓட்டி முடித்த அன்று மாலையும் மறுநாள் காலையும் பாட்டரியை அளந்து பார்ப்பார்கள், விவரம் தெரிந்தவர்கள். இரவில் எண் நன்றாக இறங்கியிருந்தால், வண்டி சும்மா நிற்கும்போதே எங்கோ மின்சாரம் கசிகிறது. மறுபடி கம்பிகளைத் தேட வேண்டியதுதான்.