எழ மறுக்கும் மடிக்கணினி

தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயின்ற மாணாக்கர்க்கு மடிக்கணினிகள் விலையின்றி வழங்கப்பெற்றன. அவற்றுட் பல இன்று முதுமை எய்திப் பேழையிலும் பரணிலும் துயில்கின்றன. தமக்கை பெற்ற கணினியைத் தங்கை ஒருநாள் எடுத்துத் தூசி துடைத்துப் பொத்தானை அழுத்துகின்றாள். சிறு விளக்கு ஒன்று ஒளிர்கின்றது. விசிறி சிறிது சுழல்கின்றது. அதற்குமேல் ஒன்றும் நிகழவில்லை. வீட்டாரோ, 'கெட்டுவிட்டது' என ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர்.

கெட்டது யாது என்பதே வினா. கணினி வேறு, அதனுள் இருப்பது வேறு. கணினி போயின் மற்றொன்று வாங்கலாம். உள்ளே தமக்கை எழுதிய கட்டுரைகளும், மறைந்த பாட்டனாரின் நிழற்படமும் இருப்பின், அவற்றை எக்கடையிலும் வாங்குதல் இயலாது. ஆராயாது, 'எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுக' என்று ஒருவர் கூற, அவ்வாறே செய்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர். ஆதலின், கணினி எவ்வாறு எழுகின்றது, எழுங்கால் எவ்விடத்தில் நின்றுவிட்டது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

கணினியை இயக்கும் விண்டோஸ் முதலிய இயக்குதளம் வன்தட்டில் உறைகின்றது. அதனை அங்கிருந்து நினைவகத்திற்குக் கொணர்ந்தாலன்றிக் கணினி பணி செய்யாது. கொணர்வதற்கும் ஒரு கட்டளைநிரல் வேண்டுமே; அதனைக் கொணர்வது யார்? இச்சிக்கலைத் தீர்க்கவே, மின்சாரம் நின்றாலும் அழியாத சிறு சில்லு ஒன்றில் தொடக்கக் கட்டளைகள் பதிக்கப்பெற்றுள்ளன. பழைய கணினிகளில் இதற்குப் பயாஸ் என்று பெயர். பொத்தான் அழுத்தப்பெற்றவுடன் பயாஸ் விழித்து, நினைவகம், திரை, விசைப்பலகை ஆகியவை செவ்வனே உள்ளனவா எனச் சோதித்து, பின்னரே வன்தட்டை நாடி இயக்குதளத்தை அழைக்கின்றது. இத்தொடக்கத்தை ஆங்கிலத்தில் 'பூட்' என்பர். காலணியின் வாரைத் தன் கையாலேயே பற்றித் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்ளுதல் என்னும் வேடிக்கை வழக்கினின்று பிறந்த சொல் அது; தமிழில் கதவுக்கு இடும் பூட்டிற்கும் அதற்கும் உறவில்லை.

விளக்கே எரியாவிடின், குற்றம் பெரும்பாலும் மின்சார வழியிலேயே இருக்கும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு அளவினது. அதனைக் குறைத்து, பல மடிக்கணினிகளுக்கு ஏற்ற 19 வோல்ட்டு நேர்மின்சாரமாக மாற்றித் தருவது அடாப்டர். அதன் கம்பி உள்ளே அறுந்திருக்கலாம். வேறொரு கணினியின் பொருந்தாத அடாப்டரை மாட்டியிருக்கலாம். அடாப்டரையும் மின்கலத்தையும் கழற்றிவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்தி, எஞ்சிய மின்னூட்டத்தை வெளியேற்றுக. பின்னர் அடாப்டரை மட்டும் மாட்டி எழுப்பிப் பார்த்தல் நன்று. மின்கலம் உப்பியிருப்பின் அதனை அழுத்தவோ துளைக்கவோ கூடாது. அது தீப்பற்றும் இயல்பினது.

விளக்கு எரிந்தும் திரை இருண்டிருப்பின், இருட்டறையில் கைவிளக்கின் ஒளியைத் திரையின்மீது சாய்வாகப் பாய்ச்சுக. மங்கலான எழுத்து தென்படுமாயின், கணினி எழுந்துவிட்டது; திரையின் பின்னொளியே பழுது. ஒன்றும் தென்படாவிடின் நினைவகத்தை ஐயுறலாம். 'பீப்' என்னும் ஒலி விட்டுவிட்டு எழுதலும் உண்டு. அவ்வொலிகளின் எண்ணிக்கைக்குப் பொருள் உண்டெனினும், அப்பொருள் கணினிக்குக் கணினி வேறுபடும். மின்தொடர்பு யாவற்றையும் நீக்கிய பின், அறிந்தவர் ஒருவர் துணையுடன் நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை மெல்லத் துடைத்து மீண்டும் பொருத்தினால், இறந்ததாகக் கருதிய கணினி எழுவது அரிய நிகழ்ச்சியன்று.

நாளும் நேரமும் பல்லாண்டு பின்னோக்கிக் காட்டினால், உள்ளே காசளவில் இருக்கும் 3 வோல்ட்டு மின்கலம் தீர்ந்தது எனக் கொள்க. எளிய பழுதாயினும் இது தரும் தொல்லை பெரிது. அக்கலம் தீர்ந்தால் பயாஸில் குறித்துவைத்த அமைப்புகளும் மாறிவிடுதல் உண்டு. அதனால் நல்ல வன்தட்டும் அறியப்படாமற் போகலாம்.

இனி, எழுத்துகள் தோன்றி, இயக்குதளம் காணப்படவில்லை என்னும் செய்தியோடு கணினி நின்றால், முதலில் பக்கத்துளையில் பென் டிரைவ் ஏதேனும் மாட்டப்பட்டுள்ளதா எனக் காண்க. வன்தட்டை விட்டு அதனிடத்தே இயக்குதளத்தைத் தேடி ஏமாந்து நிற்கும் கணினிகள் பல. அவ்வாறு இல்லையேல் வன்தட்டின்பால் கருத்தைச் செலுத்துதல் வேண்டும். பழைய வன்தட்டு நிமிடத்திற்கு 5400 முறை சுழல்வது. சுழலும் தட்டிற்கும் அதனைப் படிக்கும் முனைக்கும் இடையே உள்ள வெளி மயிரிழையினும் மிக நுண்ணியது. 'டக், டக்' என்னும் ஒலி இடைவிடாது கேட்குமாயின், அம்முனை தன் இடத்தைக் காணாது தடுமாறுகின்றது என்பதே பொருள். அந்நிலையில் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துதல் தட்டைக் கீறுவதில் முடியலாம். உடனே அணைத்துவிட்டு, வன்தட்டிலிருந்து கோப்புகளை மீட்கும் தொழில் அறிந்தவரிடம் தருவதே தக்கது.

அவ்வொலி இல்லையேல், கோப்புகள் நலமாக இருக்க, இயக்குதளம் மட்டுமே சிதைந்திருக்கக் கூடும். இவ்விடத்திற்றான் பலர் அவசரப்படுகின்றனர். விண்டோஸ் தானே முன்வந்து, 'கோப்புகளை வைத்துக்கொள்க', 'அனைத்தையும் நீக்குக' என இருவழி காட்டுவதுண்டு. இரண்டாவதைத் தொடுதல் தமக்கையின் ஏடுகளைத் தீயிலிடுதலை ஒக்கும். முன்னதும் நிறுவிய செயலிகளை நீக்கிவிடும்.

இவற்றிற்கு முன் செய்யத்தக்க வேறொன்று உண்டு. 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், இன்று பல வடிவங்களில் விலையின்றிக் கிடைக்கின்றது. அதனை மற்றொரு கணினியின் உதவியால் வெற்றுப் பென் டிரைவ் ஒன்றில் பதித்து, அதிலிருந்தே பழைய கணினியை எழுப்பலாம். நிறுவுக என்னும் கட்டளையை இடாத வரையில், அது வன்தட்டில் தன்னைப் பதித்துக்கொள்ளாது நினைவகத்திலேயே இயங்கும். அங்கிருந்து வன்தட்டின் அடைவுகளைத் திறந்து, கட்டுரைகளையும் படங்களையும் வேறொரு சேமிப்புக் கருவிக்குப் படியெடுத்தல் கூடும். படியெடுத்தவற்றை மற்றொரு கணினியில் திறந்து பார்த்தும் கொள்ளவேண்டும். பெயர் மட்டும் வந்து உள்ளீடு வாராத கோப்புகளும் உள.

விண்டோஸ் 10க்குப் பொதுவாக அளிக்கப்பெற்ற பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11 வேண்டும் பாதுகாப்பு உறுப்போ மிகப் பழைய கணினிகளில் இல்லை. ஆதலின் அவற்றிற்கு எளிய லினக்ஸ் வடிவமே பொருந்தும். சுழலும் பழைய தட்டை நீக்கி, அசையும் உறுப்பில்லாத புதுவகைச் சேமிப்பகத்தை அதே இடத்தில் பொருத்தினால், தங்கை பொத்தானை அழுத்திய ஒரு நிமிடத்திற்குள் திரையில் ஒளி தோன்றும்.